பூண்டு உரிக்கும் கை: ஆயின்மென்ட் போட்டால் போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது

ஊறுகாய்ஜாடி · ஜனவரி 9

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். இனி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் வீட்டிலேயே ஊறுகாய், தொக்கு, பொடி செய்து கொடுக்கிறேன். வயது 41. பூண்டு ஊறுகாய்தான் அதிகம் போகும், வாரத்துக்கு 5 கிலோ பூண்டாவது உரிப்பேன். சின்ன வயதில் தோல் வியாதி எதுவும் வந்ததில்லை.

முதலில் விரல் நுனி காய்ந்து சொரசொரப்பானது. அப்புறம் தோல் உரிந்தது. அப்புறம் வெடிப்பு. வெடித்த இடத்தில் எலுமிச்சைச் சாறும் உப்பும் பட்டால் உயிர் போகிறது. இரவில் அரிப்பு தாங்காமல் எழுந்து கையைக் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரேஷன் கடை இயந்திரத்தில் என் ரேகை விழுவதில்லை. ஒவ்வொரு மாதமும் பின்னால் வரிசை நிற்கும்போது விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடையில் ஒரு ஆயின்மென்ட் கொடுத்தார்கள். மூன்றே நாளில் பளிச்சென்று ஆகிவிடும். நிறுத்தினால் பத்து நாளில் மறுபடியும் வரும். இப்படியே பதினைந்து டியூபாவது தீர்த்திருப்பேன். பாத்திரம் கழுவும் சோப்புதான் காரணம் என்று நினைத்து நாலு விதமாக மாற்றினேன். பயனில்லை. போன ஆகஸ்டில் ரப்பர் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு இதுவரை வராத புறங்கையிலும் மணிக்கட்டிலும் சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக வருகிறது.

மாமியார் இது கரப்பான் என்கிற தோல் நோய், சாப்பாட்டால் வருவது என்கிறார். கத்தரிக்காய், கருவாடு, மீன் எல்லாம் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. கையில் மாற்றமே இல்லை. ஒரு இடத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி நிறையப் பணம் வாங்கினார்கள். வீட்டுத் தூசி, கரப்பான் பூச்சி என்று ஒரு பட்டியல் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன வாரம் உறவில் ஒரு வளைகாப்பு. சந்தனம் பூசப் போனேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த பெரியம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "நீ வளையல் மட்டும் கொடும்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். உணவுப் பொருள் செய்கிறவள் நான். இந்தக் கையைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்?

இது எப்போதாவது முழுதாகப் போகுமா?

---

நொய்யல்கரை · ஜனவரி 9

சகோதரி, எனக்கும் பத்து வருடம் முன்னால் இப்படி இருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. குப்பைமேனியும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயின்மென்டை நிறுத்துங்கள், அதுதான் வியாதியை உள்ளே அமுக்கி அமுக்கி வெளியே விடுகிறது.

---

வெள்ளைத்தொப்பி · ஜனவரி 10

அம்மா, நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பல வருடம் தோல் பிரிவில். மருந்து சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை. ஆனால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்விகளை உங்களிடமும் கேட்கிறேன்.

எந்தக் கையில் முதலில் வந்தது? எந்த விரலில்? நுனியிலா, விரலிடுக்கிலா, உள்ளங்கையிலா? பூண்டு உரிக்கும்போது பல்லை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள், கத்தியை எதில் பிடிக்கிறீர்கள்? கையுறை போட்ட பிறகு வந்த சிவப்பு எங்கே போய் நிற்கிறது? கோடு போட்ட மாதிரி நிற்கிறதா?

அவசரம் வேண்டாம். கையைப் பார்த்துவிட்டு, ஒருமுறை பூண்டு உரிப்பது போலச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

ஊறுகாய்ஜாடி · ஜனவரி 10

செய்து பார்த்தேன் அம்மா. கை நடுங்கிவிட்டது.

நான் வலதுகைக்காரி. கத்தி வலது கையில். பூண்டுப் பல்லை இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் நடுவே பிடிக்கிறேன். முதலில் வந்ததும், இன்றைக்கும் மோசமாக இருப்பதும் அதே மூன்று விரல் நுனிதான். மோதிர விரலும் சுண்டு விரலும் சுத்தமாக இருக்கின்றன. வலது கையில் ஆள்காட்டி விரலில் மட்டும் லேசாக. மூன்று வருடத்தில் இதை ஒருமுறைகூட நான் கவனிக்கவில்லை.

கையுறைச் சிவப்பு மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல்கடை தூரத்தில் நிற்கிறது. கையுறை விளிம்பு இருக்கிற அதே இடத்தில்.

---

வெள்ளைத்தொப்பி · ஜனவரி 10

உங்களுக்கு இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. உறுதி செய்ய வேண்டியது டாக்டர். நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன்.

வலதுகைக்காரருக்கு இடது கையின் அந்த மூன்று விரல் நுனியில் மட்டும் வெடிப்பது, சமையல் வேலை செய்கிறவர்களிடம் பூண்டு ஒவ்வாமைக்கு உள்ள பழைய அடையாளம். பூண்டில் டைஅல்லைல் டைசல்ஃபைடு என்று ஒரு கந்தகச் சேர்மம் இருக்கிறது, அதுதான் பெரும்பாலும் காரணம். கத்தி பிடிக்கிற கை தப்பித்துக்கொள்ளும், பல்லைப் பிடிக்கிற கைதான் மாட்டிக்கொள்ளும்.

கையுறையில் வந்தது வேறாக இருக்கலாம். ரப்பரைக் கெட்டிப்படுத்தவும் இழுபடவும் செய்ய தொழிற்சாலையில் சில ரசாயனங்கள் சேர்ப்பார்கள். தையுராம், கார்பமேட், மெர்காப்டோ என்று வகை வகையாக உண்டு. அவை முழுதாகக் கழுவப்படாமல் கையுறையில் தங்கிவிடும். வியர்வையில் ஊறித் தோலுக்குள் இறங்கும். புறங்கையும் மணிக்கட்டும் சிவந்து விளிம்போடு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான். உள்ளங்கைத் தோல் தடிமன், புறங்கைத் தோல் மெல்லியது. அதனால் முதலில் மேலே தெரியும்.

வெறும் எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் வித்தியாசம் உண்டு. சோப்பு, தண்ணீர், எலுமிச்சை, உப்பு இவை யார் கையையும் அரிக்கும், அளவு கூடினால் போதும். ஒவ்வாமை அப்படியில்லை. உடம்பின் வெள்ளையணு ஒரு பொருளை எதிரியென்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறது. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாத பொருள்கூட ஒருநாள் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு கொஞ்சம் பட்டாலே போதும். இரண்டும் கூட்டாளிகள் என்பதையும் சொல்ல வேண்டும். சோப்பும் உப்பும் தோலில் வெடிப்பு உண்டாக்கிக் கதவைத் திறந்துவிடும், பூண்டு அந்த வழியாக உள்ளே போகும்.

இன்னொன்று, இது உடனே வராது. தொட்ட மறுநாளோ இரண்டு மூன்று நாள் கழித்தோ வரும். ஞாயிற்றுக்கிழமை பூண்டு உரித்தால் செவ்வாய்க்கிழமை அரிக்கும். அன்றைக்கு எதைத் தொட்டோம் என்று பார்த்தால் சோப்புதான் கண்ணில் படும். அதனால்தான் பாவம், நாலு சோப்பு மாற்றியிருக்கிறீர்கள்.

ரத்தப் பரிசோதனை பற்றி: அதில் பார்ப்பது ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருள். தும்மல், தடிப்பு, மூச்சிரைப்பு மாதிரி உடனே வருகிற அலர்ஜிக்கு அது பயன்படும். தொட்டு இரண்டு நாள் கழித்து வருகிற இந்த வகை அதில் தெரியவே தெரியாது. உங்களுக்கு வேண்டியது பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி வைத்து, சில நாள் கழித்து எந்த இடம் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். 1895இல் யாதசோன் என்கிற ஜெர்மன் தோல் மருத்துவர் கொண்டுவந்த முறை. இன்றைக்கும் இதற்கு அதுதான் சரியான பரிசோதனை. தோல் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கடைசியாக, இது தொத்து வியாதி இல்லை. உங்கள் கையிலிருந்து யாருக்கும் ஒட்டாது. அந்தப் பெரியம்மாவிடம் இதை நேரிலேயே சொல்லுங்கள். ஆனால் ஒரு விஷயம் உண்டு: வெடிப்பில் சீழோ மஞ்சள் பொருக்கோ இருக்கும் நாளில் கிருமி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மட்டும் உணவைத் தொடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

---

மருந்துக்கடை · ஜனவரி 11

நான் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சகோதரி, அந்த டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்து இங்கே போடுங்கள்.

---

ஊறுகாய்ஜாடி · ஜனவரி 11

கண்ணாடி போட்டுப் படித்தேன். குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல், குளோரோகிரசால்.

---

மருந்துக்கடை · ஜனவரி 11

நினைத்தேன். குளோபெட்டசால் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமானவற்றில் ஒன்று. மூன்று நாளில் பளிச்சென்று ஆவது அதனால்தான். அரிப்பு எதனால் வந்தாலும் அது அடக்கிவிடும், காரணம் அங்கேயே இருக்கும். மைக்கோனசோல் படர்தாமரைக்கு. நியோமைசின் கிருமிக்கு. உங்களுக்குப் படர்தாமரையும் இல்லை, கிருமியும் இல்லை என்றால் இரண்டும் வீண். அதைவிடக் கொடுமை, நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். பேட்ச் டெஸ்ட் பட்டியலில் அதுவும் ஒன்று. குளோரோகிரசால் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருந்துக்கே அலர்ஜி வந்தால், கூடவே இருக்கும் ஸ்டீராய்டு அதையும் மூடி மறைத்துவிடும். நிறுத்தியதும் எல்லாம் சேர்ந்து வெளியே வரும்.

இந்தக் கலவை டியூபுகளைச் சீட்டு இல்லாமல் விற்பது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. நானும் ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறேன். முகத்தில் போட்டு முகம் சிவந்து மெலிந்துபோன ஒரு பிள்ளையைப் பார்த்த பிறகு நிறுத்தினேன்.

நொய்யல்கரை அண்ணன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. ஸ்டீராய்டு வியாதியை உள்ளே அமுக்குவதில்லை. சரியான வீரியத்தில், சரியான நாள் கணக்கில் போட்டால் நல்ல மருந்துதான். நாமாக வாங்கி, அரிக்கும்போதெல்லாம் தடவுவதுதான் பிரச்சினை.

---

நொய்யல்கரை · ஜனவரி 11

எனக்கு வேப்பிலையில் சரியானது உண்மை. பொய் சொல்லவில்லை.

---

வெள்ளைத்தொப்பி · ஜனவரி 12

பொய் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. உங்களுக்கு வந்தது என்னவென்று நமக்குத் தெரியாது. அந்தச் சமயம் வேறு வேலைக்கு மாறினீர்களா, வேறு எதையாவது தொடுவதை நிறுத்தினீர்களா? பல பேருக்கு அப்படித்தான் போயிருக்கும், பெயர் பச்சிலைக்குப் போகும். வெடித்த தோலில் எதை அரைத்துப் போட்டாலும் அது நேராக உள்ளே இறங்கும், புதிதாக ஒரு ஒவ்வாமைக்கு வழி விடும். மஞ்சளுக்கே ஒவ்வாமை வந்தவர்களும் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. அரைத்த இலை வேண்டாம். பச்சைப் பூண்டு அரைத்துப் பற்றுப்போடுவது வேண்டவே வேண்டாம், தீப்பட்ட மாதிரி வெந்துபோன தோலை நான் பார்த்திருக்கிறேன்.

---

நொய்யல்கரை · ஜனவரி 12

யோசித்துப் பார்த்தால் அந்த வருடம்தான் சாயப்பட்டறை வேலையை விட்டேன். இதை அதோடு சேர்த்து நினைத்ததே இல்லை. நன்றி அம்மா.

---

சித்தாள்மகன் · ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். இந்த இழையை முழுதும் படித்தேன், என் அப்பாவுக்காக எழுதுகிறேன். விழுப்புரம் பக்கம். அப்பா முப்பது வருடமாகக் கொத்தனார். அவர் கை உங்கள் கையைவிட மோசம். உள்ளங்கை முழுக்கத் தடித்து, சொரசொரவென்று ஆற்றுமணல் மாதிரி இருக்கும். சிமெண்டு வேலை இல்லாத மழைக்காலத்தில் குறையும், தை பிறந்து வேலை தொடங்கினால் திரும்ப வந்துவிடும். அப்பா இதை வியாதி என்றே ஒப்புக்கொள்வதில்லை. "கொத்தனார் கை இப்படித்தான் இருக்கும்" என்பார். ராத்திரி சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறார்.

இதுவும் அலர்ஜியா?

---

வெள்ளைத்தொப்பி · ஜனவரி 15

இருக்கலாம் தம்பி. ஈரச் சிமெண்டு காரம், அதுவே தோலை அரிக்கும். அதோடு சிமெண்டில் குரோமியம் இருக்கிறது. தண்ணீரில் கரைகிற வகைக் குரோமியம் தோலுக்குள் போய் ஒவ்வாமை உண்டாக்கும். நம் வார்டுக்கு வந்த கொத்தனார்களுக்கும் சித்தாள் பெண்களுக்கும் பேட்ச் டெஸ்டில் பொட்டாசியம் டைகுரோமேட் என்கிற குரோமியச் சேர்மம் வைத்த கட்டம் சிவக்காமல் போனது குறைவு. குரோமியம் பிடித்துக்கொண்டால் வேலையை விட்ட பிறகும் சில பேருக்கு லேசில் போகாது. தோல் செருப்பிலும் அதே குரோமியம் உண்டு, அப்பாவுக்குக் காலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. டென்மார்க்கில் 1981 முதலே சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்த்து அந்தக் குரோமியத்தை அடக்கிவிடுகிறார்கள். ஐரோப்பா முழுக்க 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அதன் பிறகு அங்கே கட்டடத் தொழிலாளிகளுக்கு இந்த ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. மூட்டையில் ஒரு பொருளைச் சேர்ப்பதோடு முடிகிற காரியம். உங்கள் அப்பா அதைத் தன் தொழிலின் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு கையில் மட்டும் இருந்து, இரண்டு பாதத்திலும் தோல் உரிந்தால் அது படர்தாமரையாகவும் இருக்கும். உள்ளங்கையில் சொரியாசிஸும் இப்படி வரும். டாக்டர் கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்.

---

பண்ருட்டிப்பலா · ஜனவரி 16

எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கையைப் பார்த்தால் தெரியும். ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் வழன்றிருக்கும். விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உடைப்பார்கள். வண்ணார் துணியில் குறி போடுகிற சேங்கொட்டையும் அதே குடும்பம் என்று படித்தேன். சின்ன வயதில் சட்டைக் காலரில் அந்தக் குறி பட்ட இடத்தில் எனக்குப் புண் வந்திருக்கிறது.

---

ஊறுகாய்ஜாடி · பிப்ரவரி 20

மன்னியுங்கள், ஒரு மாதமாக வர முடியவில்லை. பேட்ச் டெஸ்ட் முடிந்தது. யாருக்காவது பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் வரச் சொன்னார்கள். சித்திரை வைகாசியில் வியர்வைக்குப் பட்டை கழன்றுவிடுமாம். ஒரு வாரம் முன்பிருந்தே முதுகில் எந்த ஆயின்மென்டும் போடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், முடிவு மாறிவிடும். அரிப்புக்குச் சாப்பிடும் செட்ரிசின் மாத்திரையால் இதற்குப் பாதகம் இல்லை என்றார்கள்.

திங்கட்கிழமை முதுகில் பட்டை பட்டையாக ஒட்டினார்கள். ஒவ்வொரு பட்டையிலும் சட்டைப் பொத்தான் அளவு சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் துளி. ஓரத்தில் பேனாவால் கோடு. ஊசி கிடையாது, வலி கிடையாது. வெள்ளிக்கிழமை வரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. இடுப்பு வரை குளித்துவிட்டு மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேன். குனிந்து கோலம் போடக்கூட மகளைத்தான் அனுப்பினேன்.

அங்கே எல்லோருக்கும் போடும் பட்டியலில் பூண்டு இல்லை. நான் என் தொழிலைச் சொல்லி, மூன்று விரலையும் காட்டியதால் டாக்டர் அந்தச் சேர்மத்தைத் தனியாக வரவழைத்துச் சேர்த்தார். தொழிலைச் சொல்லாமல் போயிருந்தால் விட்டுப்போயிருக்கும். வெள்ளைத்தொப்பி அம்மா, உங்களை அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பட்டையை எடுத்தார்கள். மகள் செல்போனில் முதுகைப் படம் எடுத்துக் காட்டினாள். கோலப்புள்ளி வைத்த மாதிரி வரிசை. அதில் ஒரு புள்ளி மட்டும் செக்கச்செவேலென்று தடித்து, மேலே வேர்க்குரு மாதிரி மினுமினுத்தது. அதுதான் பூண்டு. வெள்ளிக்கிழமை இரண்டாம் முறை பார்த்தபோது தையுராம் கட்டமும் எழும்பியிருந்தது. முதல் நாள் அது வெறும் ரோஜா நிறத்தில்தான் இருந்தது. இரண்டாம் முறை போகாமல் இருந்தால் அது தெரிந்திருக்காது. நிக்கலும் லேசாகச் சிவந்தது. கவரிங் கம்மல் போட்டால் எனக்குக் காது அரிக்கும், அது அதற்கான பதில், கைக்கு இது காரணமில்லை என்றார் டாக்டர். நியோமைசின் இல்லை.

முடிவைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பெயர் தெரிந்துவிட்டதே என்று. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பூண்டு. நான் விற்பதே பூண்டு ஊறுகாய்.

---

மருந்துக்கடை · பிப்ரவரி 20

மருந்து என்ன கொடுத்தார்கள்? அளவு சொன்னார்களா?

---

ஊறுகாய்ஜாடி · பிப்ரவரி 21

சொன்னார்கள் அண்ணா. ஸ்டீராய்டு மட்டும் உள்ள ஆயின்மென்ட், வேறு கலவை எதுவும் இல்லாதது. இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவுக்குப் பிதுக்கினால் ஒரு கைக்கு முன்னும் பின்னும் சரியாக இருக்கும் என்று காட்டிக் கொடுத்தார்கள். நான் இதுவரை கடுகளவு எடுத்து வெடிப்பில் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு தொடர்ந்து போட டாக்ரோலிமஸ் என்கிற ஸ்டீராய்டு இல்லாத ஆயின்மென்ட். முதல் சில நாள் எரியும், பயந்து நிறுத்தாதே என்றார்கள். எரிந்தது. ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது.

இதெல்லாம் என் கைக்குச் சொன்னது. யாரும் இதைப் பார்த்து வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி எப்போதும் அடுப்படியில் ஒரு டப்பா, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. கை கழுவித் துடைத்த ஈரத்தோடு தடவ வேண்டும். சோப்புக் கட்டியை விட்டுவிட்டேன். கை கழுவும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுகிறேன், அதன் அடியில்தான் சோப்பு தங்குகிறது.

---

வெள்ளைத்தொப்பி · பிப்ரவரி 21

நல்லபடியாகப் போகிறது. ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் கை பார்க்க நன்றாகிவிடும். ஆனால் தோல் உள்ளே பழைய பலத்துக்கு வர இன்னும் பல மாதம் ஆகும். அந்த இடைக்காலத்தில் சரியாகிவிட்டது என்று நினைத்துப் பழையபடி வேலையில் இறங்குகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வார்டுக்கு வந்தார்கள்.

---

பண்ருட்டிப்பலா · பிப்ரவரி 22

ரப்பர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கையுறை இருக்குமே? அதைப் போட்டுக்கொண்டு பூண்டு உரிக்க முடியாதா?

---

ஊறுகாய்ஜாடி · பிப்ரவரி 22

நானும் அதையேதான் கேட்டேன். பூண்டின் அந்தச் சேர்மம் பெரும்பாலான கையுறைகளை ஊடுருவிவிடுமாம். ரப்பராக இருந்தாலும் சரி. கை நாறாமல் இருக்கக் கையுறை போட்டும் ராத்திரி விரலை முகர்ந்தால் பூண்டு வாடை வருமே, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. நீல நிற நைட்ரைல் கையுறையிலும் சிலவற்றில் அதே ரப்பர் ரசாயனங்கள் உண்டு, அவை சேர்க்காதது என்று அட்டையில் போட்டிருப்பதைத் தேட வேண்டும். பாத்திரம் கழுவ மட்டும் வினைல் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றாட விடுகிறேன். உள்ளே நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரக் கையுறை வெறுங்கையைவிட மோசம்.

பூண்டு உரிக்க இரண்டு வீட்டுப் பெண்களை வைக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. எனக்கு வந்தது அவர்களுக்கு வராது என்று என்ன நிச்சயம்? வாரம் 5 கிலோ நான்தானே உரித்தேன், எனக்கும் முதலில் ஒன்றும் இல்லையே. மகளிர் குழுக் கடனில் சின்னதாகப் பூண்டு உரிக்கும் இயந்திரம் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். உரித்ததைக் கரண்டியாலும் சல்லடையாலும்தான் கையாளுகிறேன்.

---

செவந்திச்சரம் · மார்ச் 3

இழையைத் தேடி வந்தேன். நிலக்கோட்டை பக்கம். அம்மா பூக்கட்டுகிறவர். மல்லி கட்டும் நாளில் ஒன்றும் இல்லை, செவந்தி கட்டினால் விரலும் கண்ணிமையும் வீங்குகின்றன. ஆயுத பூஜை சமயம் படுத்தே விடுகிறார்.

---

வெள்ளைத்தொப்பி · மார்ச் 3

செவந்திக் குடும்பத்தில் ஒருவகைப் பிசின்பொருள் உண்டு. நம் ரோட்டோரம் முளைக்கிற பார்த்தீனியமும் அதே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். இமை வீங்குகிறது என்பதால் காற்றில் வரும் தூளும் காரணமாக இருக்கலாம். வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் இருக்கிறதா? இருந்தால் அம்மாவை வைத்துப் பிடுங்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். செண்டுமல்லியும் அந்தக் குடும்பம்தான். மல்லியும் கனகாம்பரமும் வேறு. அதை மட்டும் கட்டிப் பிழைக்க முடியுமா என்று யோசியுங்கள், தோல் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

---

ஊறுகாய்ஜாடி · மே 28

மறுபடி வந்துவிட்டது.

மூன்று மாதம் கண்ணாடி மாதிரி இருந்த கை. ரேஷன் கடையில் ஏப்ரலில் முதல் தடவையே ரேகை விழுந்தது. இப்போது ஆவக்காய் சீசன், ஒரு மாதமாக ஓய்வே இல்லை. இயந்திரம்தான் உரிக்கிறது, நான் பூண்டைத் தொடவே இல்லை. ஆனாலும் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெடிக்கின்றன. இந்தத் தடவை வலது கை! எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

---

வெள்ளைத்தொப்பி · மே 28

பதறாதீர்கள். கை மாறினால் காரணமும் மாறியிருக்கும். அரிப்பு தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாள் பின்னால் போய், வலது கையின் அந்த இரண்டு விரலால் மட்டும் செய்கிற வேலை எதுவென்று பாருங்கள்.

---

ஊறுகாய்ஜாடி · மே 30

கண்டுபிடித்தது மகள். பொடிப் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போடுகிறேன். சீசனில் ஒரு நாளைக்கு இருநூறு பொட்டலம். ரப்பர் பேண்டை வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் விரித்து மாட்டுவேன். தையுராம் என்றதும் நான் கையுறையை மட்டும்தான் நினைத்தேன். அடுப்படி ஆணியில் ஒரு கொத்து ரப்பர் பேண்ட் தொங்குகிறது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டேன். சணல் நூல் கட்டு இப்போது.

---

சித்தாள்மகன் · ஆகஸ்ட் 11

அக்கா, கை எப்படி இருக்கிறது? அப்பா ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஸ்பூனில் சாப்பிடுவதைப் பார்த்துப் பேத்தி ஏன் என்று கேட்டுவிட்டாள், அதுதான் வேலை செய்தது. வருகிற திங்கட்கிழமை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

---

ஊறுகாய்ஜாடி · ஆகஸ்ட் 11

கை நன்றாக இருக்கிறது தம்பி. ரப்பர் பேண்டை நிறுத்தி ஆறு வாரத்தில் ஆறியது. போன வெள்ளிக்கிழமை அதே பெண்ணின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா, தொட்டிலில் போட நான்தான் குழந்தையைத் தூக்கினேன்.

அப்பாவின் கையை இன்றைக்கே வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், போகிற நாளில் குறைந்திருந்தால் டாக்டருக்குத் தெரியாது. இதுவரை போட்ட டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியானதையும். அவர் வேலை செய்கிறபோது ஒரு சின்ன வீடியோ இருந்தால் நல்லது, கலவையை எந்தக் கையால் எடுக்கிறார், கரணையை எப்படிப் பிடிக்கிறார் என்று தெரியும். வேலைக்குக் கையுறை போடுகிறாரா? போட்டால் அதில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், அதையும் முதுகில் ஒட்டிப் பார்ப்பார்கள். தோல் செருப்பு என்றால் அதையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

திங்கள் ஒட்டினால் புதன், வெள்ளி இரண்டு நாளும் திரும்பப் போக வேண்டும். அந்த வாரம் அவருக்குச் சித்தாள் வேலைகூடப் பேசிவிடாதீர்கள், முதுகு வியர்க்கக் கூடாது.